செம்பனைக் கூன்வண்டும் தூண்டில் முள்ளும்: நிலப்பூச்சிப் போலிகளைக் குறித்த ஓர் ஆராய்ச்சி

இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டிப் பூச்சியைப்போல் தோன்றச் செய்து மீனை மயக்கும் கலையை ஆராயப் புகுந்த மேனாட்டுப் பண்டிதர்கள், அப்பூச்சிகளை நீரிலே பிறந்தவை என்றும், நிலத்திலே பிறந்து நீரிலே தவறி விழுந்தவை என்றும் இருவகையாகப் பகுத்து, முன்னவற்றுக்கு அலமாரி கொள்ளாத அளவு நூல்களை இயற்றிவிட்டுப் பின்னவற்றுக்குச் சில அத்தியாயங்களே ஒதுக்கியிருக்கிறார்கள். கோல சிலாங்கூர் தொடங்கி ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று விரியும் வடசிலாங்கூர்த் தோட்டங்களின் கால்வாய்க் கரைகளில், வேலை முடிந்த மாலைப் பொழுதில் மூங்கில் கழியோடு அமர்ந்திருக்கும் நம்மவரைப் பற்றியோ, அவர்கள் கண்ணெதிரே வெட்டுக்கிளியும் முசுறும் வண்டும் ஓயாமல் தண்ணீரில் விழுந்துகொண்டிருப்பதைப் பற்றியோ, அந்தச் சில அத்தியாயங்களிலும் ஒரு வரி கிடையாது. அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற்கண் எழக்கூடிய ஆட்சேபம், இப்போலிகள் யாவும் டிரௌட் என்னும் மீனை உத்தேசித்துக் கட்டப்படுபவை ஆயிற்றே என்பது. டிரௌட் குளிர்நீரில் மட்டுமே ஜீவிக்க வல்லது. நீலகிரி அவலாஞ்சியில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பொரிப்பகம் அமைத்து வெள்ளைக்காரர்கள் அதை வளர்த்தார்கள் என்றால், அது அம்மலையின் குளிர் செய்த உபகாரம். சிலாங்கூர் ஆற்றின் வெதுவெதுப்பான நீரில் அது இல்லை. இனி வரப்போவதும் இல்லை. ஆனால் ஒரு மீன் இல்லாமற்போவது அம்மீனின் குறையேயன்றிச் சாஸ்திரத்தின் குறையாகாது.

அன்றியும், நிலப்பூச்சியின் அருமையை அறிந்த விஷயத்தில் இந்நாட்டு மீன்கள் டிரௌட்டுக்கு எவ்வகையிலும் இளைத்தவையல்ல. மலாய்க்காரர் சும்பிட் என்று அழைக்கும் மீன், அலையாத்தி வேர்களுக்கிடையே நின்றுகொண்டு, இலைமேல் இருக்கும் பூச்சியின்மீது வாயால் நீரைப் பீச்சி வீழ்த்துகிறது. நீருக்கும் காற்றுக்கும் நடுவே ஒளி வளைவதால் நேரும் இடப்பிறழ்ச்சியையும் அது சரிசெய்துகொண்டே குறிபார்க்கிறது. புயு எனப்படும் பனையேறிக் கெண்டையோ இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. 1791ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் பனைமரத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்த அம்மீனைத் தாம் பிடித்ததாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி எழுதியது, 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறியது. பின்வந்த அறிஞர் பலர் அதை ஐயுற்றனர் என்பது வேறு விஷயம். ஒன்று பூச்சியைச் சுட்டு வீழ்த்துகிறது. மற்றொன்று பூச்சியின் இல்லத்துக்கே நேரிற் சென்றதாகக் கீர்த்தி பெற்றிருக்கிறது. டிரௌட் இவ்விரண்டில் ஒன்றையேனும் செய்ததாக அதன் பரம பக்தர்களும் எழுதவில்லை.

இனிப் போலி எதற்கு, அசலையே கோத்துவிடலாமே என்பது இரண்டாவது ஆட்சேபம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்னும் ரோமாபுரி ஆசிரியர் இதற்குச் சமாதானம் கூறிவிட்டார். மாசிடோனியர்கள் தங்கள் ஆற்று மீன் விரும்பும் ஈயைக் கையால் தொட்டால் அதன் நிறம் கெட்டு மீன் வெறுத்துவிடும் என்பதனால், முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள் என்று அவர் எழுதுகிறார். ஆகவே அசல் முள்ளுக்கு இணங்காத இடத்திலேயே போலி பிறக்கிறது என்னும் சூத்திரம் பெறப்படும்.

இச்சூத்திரத்துக்கு வடசிலாங்கூரைவிடச் சிறந்த உதாரண பூமி வேறில்லை. ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், பின்னாளில் நாவலுக்காகக் கோன்கூர் பரிசு பெற்றவர், இந்நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் நிறுவியது இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான். அம்மரங்களுக்கு மகரந்தத்தைத் தொழிலாளர்கள் கையால் தூவிக்கொண்டிருந்த நிலையை மாற்ற, 1981இல் காமரூனிலிருந்து ஒரு கூன்வண்டு மலேசியாவுக்குக் கொணரப்பட்டது. சோம்பு வாசனை வீசும் ஆண் பூக்குலையைத் தட்டினால், கருந்தவிட்டு நிறத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள அவ்வண்டுகள் பொலபொலவென்று உதிர்வதைக் காணலாம். காண்டாமிருக வண்டின் கொழுத்த வெண்புழுவை எந்த முள்ளிலும் கோக்கலாம். இதைக் கோக்கப் புகுந்தாலோ முள் மிஞ்சும், வண்டு மிஞ்சாது.

கட்டும் முறையாவது: 20ஆம் எண் முள்ளைக் குறட்டில் இறுக்கி, வளைவு தொடங்கும் இடம் வரையில் கறுப்புத் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றுக. தேய்ந்த ஜப்பான் சிலிப்பரிலிருந்து தீக்குச்சி அகலத்துக்கு ஒரு பட்டை சீவி, அதன் ஒரு முனையை வளைவருகே கட்டுக. லயத்துச் சேவலின் கழுத்திறகில் சிறியதொன்றை அவ்விடத்திலேயே சேர்த்து, முன்நோக்கி மூன்று சுற்றுச் சுற்றிக் கால்களாக்குக. பின்னர்ப் பட்டையை முதுகின்மேல் மடித்து முன்பக்கம் கட்டி, முடிச்சின்மேல் நகப்பூச்சு ஒரு துளி வைக்க. சிலிப்பர் நீலமாயின் முதுகை மையால் கறுப்பாக்கிக்கொள்க; கீழிருந்து வானத்தை நோக்கும் மீனுக்கு நிறத்தைவிட நிழலுருவே பிரதானமாகும்.

இவ்வுண்மையைப் பென்சில்வேனியாவின் லெட்டோர்ட் ஓடைக்கரையில் கண்டு, 1950இல் வெளியிட்ட நூலில் உலகுக்கு உரைத்தவர் வின்சென்ட் மரினாரோ. தத்துப்பூச்சிக்கு அவர் கட்டிய போலியின் முதுகில் தட்டையாகப் படிந்திருப்பது, தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் மெழுகுப் பொட்டிட்ட கழுத்திறகு. அக்கோழியின் அறிவியற் பெயரும், கம்போங் குவாந்தானில் மின்மினிகள் அடையும் பெரெம்பாங் மரத்தின் அறிவியற் பெயரும், சொன்னெரா என்னும் ஒரே பிரெஞ்சு இயற்கையறிஞரின் நினைவாக இடப்பட்டவை. இது தற்செயலே என்பார் கருத்தை மறுப்பதற்குத் தற்போது இடமில்லை.

ஆயினும் உருவத்தோடு நின்றார் எவரும் மீன் பிடித்திலர். நீர்ப்பூச்சி அடியிலிருந்து எழுவது. நிலப்பூச்சி மேலிருந்து விழுவது. ஆதலால் போலி செய்யப்படவேண்டியது பூச்சியன்று, அதன் விழுகையே என்பது இவ்வாராய்ச்சியின் சித்தாந்தம். வெட்டுக்கிளி தொப்பென்று விழுந்து உதைத்துக்கொள்ளும். முசுறு ஒன்றையொன்று பற்றியபடி ஓசையின்றி மிதக்கும். கூன்வண்டு சாய்ந்து தொங்கும் மட்டைக்கு நேர்கீழே மட்டும் விழும். எனவே நீண்ட நரம்பை வீசியெறியும் மேனாட்டு வித்தையை விடுத்து, கழியின் நுனியிலிருந்து ஒரு முழத் தங்கூசியில் போலியை நேரே இறக்குவதே உசிதம்.

மண்புழு இருக்கும்போது இத்தனை பிரயாசை ஏன் என்னும் மூன்றாவது ஆட்சேபத்தை எழுப்பியவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன். ஆட்சேபத்தை அவன் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கெளுத்திகளைத் தூக்கிவிட்டபடியால், அது வாதமுறைக்குப் புறம்பானது என்று தள்ளப்பட்டது.

முடிபாவது: போலி சிறியதாயிருத்தல், விழுகை இயல்பாயிருத்தல், மேலே மரம் நிற்றல் ஆகிய மூன்றும் கூடினாலன்றி இச்சாஸ்திரம் பலிக்காது. இவற்றுள் முதலிரண்டு கற்பவர் கையில் உள்ளவை. மூன்றாவது கரையை ஆள்வோர் கையில் உள்ளது. கரையோரத்து மரத்தை வெட்டினால் உதிர்வதற்குப் பூச்சி இராது, அண்ணாந்து பார்ப்பதற்கு மீனும் இராது. ஆதலின் இக்கலையைப் பயில விரும்புவோர் முள் வாங்குவதற்கு முன் கரையில் ஒரு பெரெம்பாங் கன்றை நட்டுவைக்க. அது வளர்ந்து நிழல் தரும் வரையில் மண்புழுவையே பயன்படுத்துவதற்குச் சாஸ்திரத்தில் தடை ஏதுமில்லை.