கஜானா கேள்வி-பதில்

கே: தமிழ்நாட்டு பட்ஜெட்டை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா? (திண்டுக்கல் வாசகர்)

ப: 2025-26 மதிப்பீட்டின்படி வருவாய் வரவு ரூ.3,31,569 கோடி, வருவாய்ச் செலவு ரூ.3,73,204 கோடி. துண்டு விழுவது ரூ.41,635 கோடி. இனி மூச்சு விடலாம்.

கே: நம் நிதியமைச்சரின் பட்ஜெட் பெட்டி என்ன நிறம்? (பொள்ளாச்சி வாசகி)

ப: 2021 ஆகஸ்டிலேயே தமிழகம் தாளில்லா பட்ஜெட்டுக்கு மாறிவிட்டது, பெட்டியை மறந்துவிட்டு கணினித் திரையைப் பாருங்கள்.

கே: இந்த விற்பனை வரி என்ற பிசாசை ஏவிவிட்ட புண்ணியவான் யார்? (விருதுநகர் மளிகை வணிகர்)

ப: ராஜாஜி! விருதுநகர்க் கடைவீதியில் இந்தக் கேள்வி எழாமல் வேறு எங்கே எழும்? 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த அவர், தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடையைச் சாத்தினால் ஆயத்தீர்வை போய்விடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. அப்படியொரு வரியைப் பொதுவாக எல்லாச் சரக்குக்கும் போட்டதில் இந்தியாவில் சென்னைக்குத்தான் முதலிடம்.

கதை அங்கே முடியவில்லை. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. இடையில் மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003-ல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்கு வந்துவிட்டது. வரியோ ஒருநாளும் வீட்டுக்குப் போகவில்லை. 2007-ல் வாட் என்றும், 2017-ல் ஜிஎஸ்டி என்றும் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மது ஜிஎஸ்டிக்கு வெளியே, இன்னும் வாட்டின் கீழ். 2024-25-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த ரூ.48,344 கோடியில் ஆயத்தீர்வை சுமார் ரூ.11,000 கோடிதான், மீதி சுமார் ரூ.37,000 கோடியும் வாட். அதாவது, மதுப் பணம் வேண்டாம் என்று பிறந்த வரியின் வாரிசுதான் இன்று மதுப் பணத்தில் முக்கால் பங்கைச் சுமந்து வருகிறது. ராஜாஜி இதைப் பார்த்திருந்தால் சேலத்துக்கே திரும்பியிருப்பார்.

கே: அப்படியானால் டாஸ்மாக்கை நாளைக்கே இழுத்து மூடலாமே? (மன்னார்குடி வாசகி)

ப: மூட வேண்டும் என்று நினைப்பவர்கள் 1939-ஐப் படிக்க வேண்டும். அன்று மாகாணம் தானே புது வரி போட்டுக்கொண்டது. இன்று பெரும்பாலான சரக்குகளுக்கான வரி விகிதம் ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. மாநிலத்தின் கையில் மிஞ்சியிருப்பவை மது, பெட்ரோல்-டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி என்று விரல் விட்டு எண்ணக்கூடியவை. டாஸ்மாக் வருமானம் சொந்த வரி வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு. அந்தக் கால் பங்கு எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் மூடுவேன் என்கிற கட்சியை நம்பாதீர்கள்.

கே: பெண்களுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துத்தானே கஜானா காலி? (கும்பகோணம், ஓய்வுபெற்ற அலுவலர்)

ப: இல்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-ல் ஒதுக்கியது ரூ.13,807 கோடி. பழைய கடனுக்கு வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.70,700 கோடி; ஐந்து மடங்குக்கும் மேல். ஓய்வூதியத்துக்கே சுமார் ரூ.41,000 கோடி போகிறது. அது உழைத்தவர்களின் உரிமை, யாரும் கை வைக்கக் கூடாது. ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாமல் சமையலறையில் உழைத்தவருக்கும் அதே நியாயம் உண்டு.

கே: டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லையே, பிறகு ஏன் டிக்கெட் கிழிக்கிறார்கள்? (நாகர்கோவில் கல்லூரி மாணவி)

ப: அந்தச் சீட்டில் கட்டணம் இல்லை, கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்தால்தான் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடு தர முடியும். ஆகவே நடத்துநர் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கசக்கி எறிவது இறங்கிய பிறகு.

கே: டெல்லிக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்புகிறதாமே? (ஈரோடு வாசகர்)

ப: மேடைக்கு ஏற்ற கணக்கு, ஆனால் பலவீனமானது. ஒரு கம்பெனியின் வருமான வரி அதன் தலைமையகம் இருக்கும் ஊரில் பதிவாகிறது. சம்பாத்தியம் நாடெங்கும் நடக்கிறது. இதைவிட வலுவான வாதம் கையில் இருக்கிறது. மாநிலங்களுக்குப் பிரிக்கும் மத்திய வரியில் 9-வது நிதிக்குழு தமிழகத்துக்குத் தந்த பங்கு 7.931 சதவீதம், 15-வது நிதிக்குழு தந்தது 4.079. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவது சரிதான், பீகாரின் குழந்தையும் நம் குழந்தைதான். பங்கிட வேண்டிய பானையே சுருங்குவதுதான் அநியாயம். செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பது அந்தப் பானைக்குள் வருவதே இல்லை. வாசகர்கள் சண்டை போடுவதாக இருந்தால் இந்த செஸ்ஸோடு போடட்டும்.

கே: கடன்பட்ட அரசு பள்ளியில் காலையிலும் சோறு போட வேண்டுமா? (அரியலூர் ஆசிரியர்)

ப: வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியபோது திட்டத்தின் அளவு 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் குழந்தைகள், ரூ.33.56 கோடி. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள். வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்கே கண் சொருகும் பிள்ளையை ஆசிரியரான உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? திங்கள்கிழமை உப்புமா-சாம்பாரும் புதன்கிழமை பொங்கலும் அந்தப் பிள்ளையைக் கரும்பலகை பார்க்க வைக்கின்றன.

கவலைப்பட வேண்டியது வேறிடத்தில். 2025-26-ல் நிதிப் பற்றாக்குறை ரூ.1,06,963 கோடி, அதில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் ரூ.41,635 கோடி. அந்த ஆண்டு கூடும் கடனில் நூற்றுக்கு 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகிறது. அணை, பாலம், மெட்ரோ என்று நிற்க வேண்டிய பணம் அது. அங்கே கேள்வி கேளுங்கள், சோற்றுத் தட்டில் கேட்காதீர்கள்.

கே: எங்கள் தெருவுக்கு மார்ச் மாதத்தில் மட்டும் தார் வண்டி வருவதேன்? (தாம்பரம் வாசகர்)

ப: சட்டமன்றம் ஒதுக்கிய பணம் மார்ச் 31 இரவோடு காலாவதி ஆகிவிடும் என்பதால்தான். மாநிலங்களின் மாதாந்திரக் கணக்கைத் தணிக்கைத் துறை வெளியிடுகிறது. பிப்ரவரி வரை மூலதனச் செலவு எவ்வளவு என்று அதில் பாருங்கள். பட்ஜெட்டில் சொன்னதுக்கும் அதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், வாசலில் நிற்கும் ஸ்கூட்டரை முன்கூட்டியே நகர்த்தி வையுங்கள்.