கொள்ளுத்தாத்தாவைத் தேடி கும்பகோணம்

பூர்வீகம் தேடிச் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் கார் எடுப்பது இப்போது ஒரு மோஸ்தர். செங்கல்பட்டு தாண்டியதுமே பூர்வீகம் வந்துவிடும்: வழியெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை, பித்தளை டபரா. காவிரியைப் பார்ப்பதற்குள் வயிறு முழுக்கப் பூர்வீகம்.

ஊரில் கிடைக்கும் முதல் தகவல், கொள்ளுத்தாத்தா கணிதமேதை ராமானுஜத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவர் என்பது. அடுத்த காரில் வந்தவரின் கொள்ளுத்தாத்தாவும் அப்படியே. 1904-ல் அரசுக் கல்லூரி வகுப்பில் இத்தனை பேரும் உட்கார்ந்திருந்தால் கடைசி பெஞ்ச் ஆற்றுக்குள்தான் இருந்திருக்கும். (கல்லூரி காவிரிக் கரையில்தான் இருக்கிறது, ஆகவே முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது.) ராமானுஜமாவது கணக்கே கதியென்று கிடந்து மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். கொள்ளுத்தாத்தா எதில் தேறினார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஆவணங்களிலோ வேறு தொல்லை. சுவாமிமலை கூப்பிடு தூரம். வீட்டுக்கு ஒரு சுவாமிநாதன். பேரனுக்குத் தாத்தா பெயர் என்ற வழக்கப்படி சுவாமிநாதன் மகன் ராமசாமி, அவர் மகன் சுவாமிநாதன், அவர் மகன் மறுபடி ராமசாமி. பத்திரத்தில் கையெழுத்திட்டவர் நிலத்தைச் சம்பாதித்தவரா, சீட்டாடித் தொலைத்தவரா? குடும்பம் முதலாமவரையே தேர்ந்தெடுக்கும். பழைய பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினால், பல இடங்களில் 'ஆண் குழந்தை' என்பதோடு சரி.

கடைசியில் வண்டி வைத்தீஸ்வரன்கோயிலுக்குத் திரும்பும். பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு நாடி ஜோதிடர் ஓலையைப் பிரித்து, "அப்பா பெயர் 'சு'வில் ஆரம்பிக்குமா?" என்பார். இந்தப் பக்கத்தில் துணிந்து கேட்கலாம்.