மூப்புக்குப் படிவம் இல்லை

என் அப்பா மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் நவம்பர் வந்தால், தான் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு அவர் நிரூபித்தாக வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்குப் போய் மேனேஜர் எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டுக் காட்டிவிட்டு வருவார். 2014-இல் ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்ச் சான்றிதழ் வந்த பிறகு, வீட்டிலிருந்தபடியே கைரேகை வைத்தால் போதும் என்றாகிவிட்டது.

எனக்கு வாய்த்தது நேர் எதிரான வழக்கு. என் ஆபீஸ் லேப்டாப்புக்குக் காலம் முடிந்துவிட்டது என்று நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஐந்து நிமிடம் ஆகிற வேலை எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

அது என் கைக்கு வந்தது 2018-இல். லேப்டாப்பின் ஆயுள் மூன்று வருடம் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. வருமான வரிக் கணக்கிலோ வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். 70,000 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஏழு வருடத்தில் தேய்ந்து தேய்ந்து 1,960 ரூபாய்க்கு வந்து நிற்கும். கம்பெனிச் சட்டப்படி அதற்கு நாலாவது திவசமே முடிந்துவிட்டது. எங்கள் ஐடி டிபார்ட்மென்ட் மட்டும் அதற்குச் சிரஞ்சீவிப் பட்டம் கொடுத்து வைத்திருந்தது.

ஆன் செய்தால் திரை வெளிச்சம் காட்டப் பதினோரு நிமிடம் ஆகும். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் என் மனைவிக்கு அதுதான் கடிகாரம். “என்னங்க, லேப்டாப் ஆன் பண்ணிட்டீங்களா? அப்படியே போய் பால் பாக்கெட் வாங்கிட்டு, கறிவேப்பிலையும் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க.” வாங்கி வந்த பிறகு காபியும் குடிக்கலாம்.

கீபோர்டில் ஹெச் எழுத்து வேலை செய்யாது. அதனால் நான் எழுதும் ‘தேங்க்ஸ்’ எல்லாம் ‘டேங்க்ஸ்’ ஆகிப் போயின. அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் பீரங்கி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்களும் பயந்து போயோ என்னவோ, சொன்ன தேதிக்குப் பதில் போட்டார்கள்.

பொறுத்துப் பார்த்து, ஜூன் மாதம் ஒரு டிக்கெட் போட்டேன். ஐடி சப்போர்ட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார்.

“சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

“பண்ணினேன் தம்பி. நேத்து சாயங்காலம் பண்ணினது. இன்னும் வந்து சேரலை.”

“ஆனா ஆன் ஆகுதுல்ல?”

“ஆகுது. மெதுவா ஆகுது.”

“ஆன் ஆனா மாத்த முடியாது சார். டெட் ஆனாத்தான் ரீப்ளேஸ்மென்ட். ஃபார்ம்ல ஸ்லோன்னு ஒரு ஆப்ஷனே கிடையாது.”

“சரி, டெட் ஆயிடுச்சுன்னு வைங்க. அப்ப டிக்கெட்டை எங்கேர்ந்து போடறது?”

“அந்த லேப்டாப்லேர்ந்துதான் சார். வேற மெஷின்ல போர்ட்டல் ஓப்பன் ஆகாது.”

அதாவது, பிணம் எழுந்து வந்து வரிசையில் நின்று தன் இறப்புச் சான்றிதழைத் தானே கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தம்பி மேல் தப்பில்லை. அவர் பேசிக்கொண்டிருந்த லேப்டாப்பும் நடுவில் இரண்டு தடவை நின்றுபோனது.

அந்த டிக்கெட் மூன்றாம் நாள் தானாக மூடிக்கொண்டது. ‘பயனாளரிடமிருந்து பதில் இல்லை’ என்று காரணம். பயனாளர் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் அப்டேட்டில் இருந்தது. இரண்டாவது டிக்கெட்டுக்கு ஒப்புதல் தர வேண்டிய மேலாளர், ஒப்புதல் தருவதற்கு முன் வேலையை விட்டுப் போனார். போகிற அன்றைக்கே அவருடைய லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாங்குவதில் மட்டும் எங்கள் ஆட்கள் மின்னல்.

இதற்கிடையே 2025 அக்டோபர் 14 வந்தது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிகிறது, எல்லோரும் 11-க்கு மாறுங்கள் என்று செக்யூரிட்டி டீம் உத்தரவு போட்டது. மாறப் பார்த்தேன். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது இருக்க வேண்டுமாம். என்னுடையது ஏழாம் தலைமுறை. ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்த்தால் போதும் என்றுதான் நம் பெரியவர்கள் நினைத்தார்கள். எட்டாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாறாவிட்டால் நெட்வொர்க்கில் விட மாட்டோம் என்றது ஒரு டீம். ஆன் ஆகிறவரை மாற்றித் தர மாட்டோம் என்றது இன்னொரு டீம். இரண்டும் ஒரே மாடியில், எதிரெதிர் அறையில்தான் இருக்கின்றன.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது வாயு. வயதான லித்தியம் அயன் பேட்டரிக்குள் ரசாயனம் சிதைந்து வாயு சேரும். வெளியேற வழியில்லாமல் உறை உப்பும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே உபாதைதான், பெருங்காயத்தில் அடங்கிவிடும். இங்கே டச்பேட் பூரி மாதிரி எழும்பி நின்றது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பதன் முழு அர்த்தம், அந்த லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போன அன்றைக்குத்தான் விளங்கிற்று.

ஆபீசில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லிவிட்டார்கள். உப்பின பேட்டரி தீப்பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கையுறை போட்ட இரண்டு பேர் வந்து, தூளிக் குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே புது லேப்டாப் வந்தது. ஏழு வருடம் முனகியது யார் காதிலும் விழவில்லை. வயிறு உப்பியதும் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

புதியது பன்னிரண்டு நொடியில் விழித்துக்கொள்கிறது. பால் வாங்க இப்போது தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

நவம்பரில் ஒரு காலை. அப்பா பக்கத்து அறையில் கைரேகை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆபீசிலிருந்து ஒரு மெயில்: ‘ஆண்டுச் சொத்துச் சரிபார்ப்பு. உங்கள் பெயரில் உள்ள லேப்டாப்பின் நிலையை உறுதி செய்யவும்.’ கீழே இருந்த எண்ணைப் பார்த்தேன். பழையதன் எண். கொண்டுபோனவர்கள் பதிவேட்டில் அதை எடுக்கவில்லை.

‘எனக்கு சர்டிஃபிகேட் வந்துடுச்சுடா’ என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

என் எதிரே இரண்டு பட்டன்கள். ‘நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று ஒன்று. ‘இயங்கவில்லை – டிக்கெட் போடவும்’ என்று இன்னொன்று.

முதலாவதை அழுத்தினேன். அடுத்த நவம்பர் வரை அதற்கு உயிர் உண்டு.