முதல் ஆல்பத்து ஆசாமி

அமெரிக்காவில் டேக்கிங் பேக் சண்டே என்ற ராக் குழுவின் கச்சேரி எந்த அரங்கில் நடந்தாலும் இவரைப் பார்க்கலாம். முன்னால் முண்டியடிக்கும் கூட்டத்துக்குள் போகமாட்டார். பின்னால், ஒலி அமைப்பாளரின் மேஜையை ஒட்டியே நிற்பார். "இங்கேதான் சத்தம் சரியா விழும்" என்பது அவர் சொல்லும் காரணம். முழங்காலைக் கேட்டால் வேறு காரணம் சொல்லும். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. உடம்பில் மட்டும் 2002-ம் வருஷத்து டி-ஷர்ட். அன்றைக்குத் தொளதொளவென்று இருந்தது. இன்றைக்கு அதிலுள்ள எழுத்துகள் எதிர்வரிசையிலிருந்தே படிக்கிற அளவுக்கு அகன்றுவிட்டன.

"எமோ ராக் ரசிகரா?" என்று கேட்டுவிடாதீர்கள். எமோ என்ற சொல் அவருக்கு ஆகாது. "இது போஸ்ட்-ஹார்ட்கோர்" என்று திருத்துவார். காதலி விட்டுப்போன துக்கத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி அலறுவதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1999-ல் எடி ரெயஸ் ஆரம்பித்த குழு இது. முதல் ஆல்பமான 'டெல் ஆல் யுவர் ஃப்ரெண்ட்ஸ்' 2002 மார்ச்சில் வந்தது. நம்மவர் கணக்கில் உலக இசை அன்றோடு முற்றுப்பெற்றது. மூன்றாவது ஆல்பமான 'லவுடர் நவ்' 2006-ல் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தபோது அவர் இடிந்து போனாராம். அத்தனை பேருக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது?

ஆனால் அவருடைய உண்மையான வித்வத்து பாட்டில் இல்லை. யார் வந்தார், யார் போனார் என்பதில்தான். கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தி வழியை விளக்கும் பெரியவரைப்போல விரல்களை மடக்கிக்கொண்டு ஆரம்பிப்பார்: "முதல்ல பேஸ் கிதார் ஜெஸ்ஸி லேசி. அவன் மனஸ்தாபத்துல விலகி பிராண்ட் நியூன்னு தனிக்குழு வச்சான். அவன் ஒரு பாட்டுல திட்டினான், நம்ம குழு ஜான் நோலன் முதல் ஆல்பத்துல பதில் பாட்டு போட்டான். இப்போ பாடுற ஆடம் லசாராவே பேஸ் வாசிக்க வந்த ஆள்தான், தெரியுமா?"

தெரியும் என்று சொன்னாலும் நிறுத்தமாட்டார். 2003-ல் நோலனும் ஷான் கூப்பரும் விலகி, நோலனின் சகோதரி மிஷேலையும் சேர்த்துக்கொண்டு ஸ்ட்ரெய்லைட் ரன் தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு ஃபிரெட் மாஸ்கரீனோவும் மாட் ருபானோவும் வந்தார்கள். 2007-ல் ஃபிரெட்டும் போனார். மாத்யூ ஃபஸி வந்தார். இதற்குள் அவருக்கு ஒரு கை விரல்கள் போதாமல், பீர் குவளையை நம்மிடம் கொடுத்துவிட்டு மறு கைக்குப் போயிருப்பார்.

"பழைய செட் மட்டும் திரும்பி வரட்டும், அப்புறம் பாருங்க" என்று ஏழு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். தெய்வம் செவிசாய்த்தது. 2010-ல் நோலன், கூப்பர் இருவரும் திரும்பினார்கள். முதல் ஆல்பத்தில் வாசித்த அதே ஐந்து பேர் 2011-ல் புது ஆல்பம் கொண்டுவந்தார்கள். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆள் அதேதான். ஆனா அந்த இது இல்லையே!" 2018-ல் குழுவை ஆரம்பித்த ரெயஸே விலகியபோது, புதிய துக்கம் கிடைத்த தெம்பில் ஒரு சுற்று பெருத்தார்.

கச்சேரியிலும் குறைகள் உண்டு. லசாரா மைக்கை ஒயரோடு சுழற்றித் தூக்கியெறிந்து பிடிப்பவர். "முன்னெல்லாம் சுத்து பெருசா இருக்கும்" என்பார். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினால், "காசு வாங்கிட்டு நம்மையே பாட வைக்கிறான்" என்று முனகுவார். முனகி முடிப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டு, நரம்பு புடைக்க, ஒரு சொல் பிசகாமல் அவரே பாடிக்கொண்டிருப்பார்.

போன தடவை டி-ஷர்ட் வரிசையில் ஒரு முப்பது வயதுப் பையனைப் பிடித்தார். குழுவின் ஆல்பம் உறைகளில் 152 என்ற எண் ஒளிந்திருக்கும் சங்கதி, 2023-ல் அதையே ஓர் ஆல்பத்துக்குப் பெயராக வைத்த கதை எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"நீ எதுல ஆரம்பிச்சே?"

"2009-ல வந்த 'நியூ அகெய்ன்'. அப்போ எனக்குப் பதினாலு வயசு."

பெரியவர் முகத்தில் பரிதாபம் படர்ந்தது. "அது ஃபஸி வாசிச்சதாச்சே…"

"ஆமா சார்! அது என்ன ஒரு செட்!" என்று பையன் பெருமூச்சு விட்டான். "அதைப் போய் கலைச்சுட்டு, எங்கிருந்தோ நோலன், கூப்பர்னு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க பாருங்க, அன்னிக்கே எல்லாம் போச்சு."

பெரியவருக்கு வாயடைத்துப் போயிற்று. பையன் விரலை மடக்கத் தொடங்கினான்.