பாஸ்வேர்டு சார்

குன்றத்தூர் முருகன் மலைக்கு 84 படி. எங்கள் அறக்கட்டளையின் வெப்சைட்டுக்கு ஒரே படிதான். அந்தப் படியில் சார் உட்கார்ந்திருக்கிறார்.

சாரை உங்களுக்கும் தெரியும். பல்லாவரமோ பம்மலோ, நாலு பேர் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிற இடத்திலெல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். வங்கியில் ரிட்டையர் ஆனவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பழைய டைரி. பால் கணக்குக்கும் சுகர் ரிப்போர்ட்டுக்கும் நடுவே ஏதோ ஒரு பக்கத்தில் பாஸ்வேர்டு இருக்கிறது. சேக்கிழார் பிறந்த ஊர் எங்கள் குன்றத்தூர். பெரியபுராணம் பாட உட்கார்ந்தவருக்குத் தில்லை நடராசரே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். சார் எங்களுக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுத்ததில்லை.

ஹோஸ்டிங் வாடகை ஏறியது. "இந்தப் பணத்துல இருபது புள்ளைங்களுக்கு ஸ்கூல் பை வாங்கலாம்" என்றார் பொருளாளர் அம்மா. வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் லேப்டாப்போடு வந்தான்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க சார்."

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ தம்பி. நானே அடிக்கிறேன்."

ஒற்றை விரலால் அடித்தார். மூன்று முறை தப்பு.

"பேக்கப் எடுத்துடலாமா சார்?"

"எடுத்தாச்சே!" என்று ஒரு பாக்ஸ் ஃபைலை மேஜைமேல் வைத்தார். வெப்சைட்டின் பக்கமெல்லாம் பிரிண்ட் அவுட்டாக, டேக் கட்டி, தாளுக்குத் தாள் அவர் இனிஷியலோடு. தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிக்காதப்பா. லெட்ஜர்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு மாறினப்ப எங்க பிராஞ்ச்ல பத்து பைசா பிசகல. எதனால? இதனால."

இனி டி.என்.எஸ்.ஸை மாற்ற வேண்டும். நம் பெயரைச் சொல்லிக் கேட்பவரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று வழிகாட்டும் விலாசப் புத்தகம் அது. அன்று வெள்ளிக்கிழமை. "பத்தரைலேர்ந்து பன்னிரண்டு ராகு காலம்" என்று சார் மவுஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். 12.05-க்கு உத்தரவு கிடைத்தது. மாற்றிவிட்டு, "எல்லா இடத்துக்கும் போய்ச் சேர 48 மணி நேரம்கூட ஆகலாம் சார்" என்றான் தம்பி. சார் விரல்விட்டு எண்ணினார். வெள்ளி எமகண்டம், சனி ராகு காலம், சனி எமகண்டம்... முகம் வாடிவிட்டது.

பழைய விலாசத்தை இன்டர்நெட் கம்பெனிகள் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். வீடு மாறிய பிறகும் பழைய வாசலிலேயே தபால் விழுகிற மாதிரி. அதனால் மாங்காட்டு உறுப்பினருக்குப் புதிய தளம் தெரிந்தது, அனகாபுத்தூர்க்காரருக்குப் பழையது. இரண்டு பேரும் போனில் ஒருவரை ஒருவர் பொய்யர் என்றார்கள்.

புதிய தளத்தில் தமிழெல்லாம் கேள்விக்குறி. யூனிகோடை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 'கு' என்ற ஓரெழுத்துக்கே ஆறு பைட் வேண்டும். ஓரெழுத்துக்கு ஒரு பைட் என்று அளந்து வைத்த டேட்டாபேஸில் தமிழ் எப்படி உட்காரும்? நன்கொடையாளர் பட்டியலில் அத்தனை பேரும் கேள்விக்குறி. "தர்றேன்னு சொல்லிட்டுத் தராதவங்க பட்டியல்னா பொருத்தமா இருந்திருக்கும்" என்றார் பொருளாளர் அம்மா.

தம்பி அமைப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினான். எல்லாம் சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? சார் ஒன்றும் பேசாமல் பாக்ஸ் ஃபைலைத் திறந்தார். அவர் வாசிக்க, தம்பி டிக் அடிக்க, ராத்திரி பத்து மணி வரை ஓடியது. ஒரு பெயரில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் பல வருஷமாக 'ல' இருந்ததும் அப்போதுதான் அகப்பட்டது. தம்பி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அடுத்த கமிட்டியில், பாஸ்வேர்டு ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று தீர்மானம். சார்தான் முதலில் கை தூக்கினார். அங்கேயே எழுதி, கவரில் போட்டு, அரக்கு சீல் வைத்து, ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"அவசரம்னா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

எல்லோரும் கை தட்டினோம். பீரோ சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டிருந்தார்.