ஏவல் நோட்: ஒரு சிற்றிலக்கணம்

மென்பொருள் டிரம் மெஷினுக்குள் வந்து சேரும் மிடி நோட் இரண்டில் ஒன்று: அடி, அல்லது ஆணை. 36 என்ற எண் வந்ததும் கிக் ஒலித்தால் அது அடி. அதே 36 வந்ததும் கிக் ஒலிக்காமல் முதல் பேட்டர்ன் ஓடத் தொடங்கினால் அது ஆணை. முன்னதை ஒலி நோட் என்றும் பின்னதை ஏவல் நோட் என்றும் இங்கே வகுத்துக்கொள்கிறேன்.

ஒலி நோட்டுக்கு ஊரறிந்த ஒழுங்கு உண்டு. 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரையறை 36-ஐக் கிக்குக்கும், 38-ஐ ஸ்நேருக்கும், 42-ஐ மூடிய ஹை-ஹாட்டுக்கும், 46-ஐத் திறந்த ஹை-ஹாட்டுக்கும் ஒதுக்கி, எல்லாவற்றையும் பத்தாவது சேனலில் வைத்துவிட்டது. ஏவல் நோட்டுக்கு அப்படிப் பொது வரையறை கிடையாது. மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கு மாறும்; அதைத் தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் கையேட்டின் கடைசி அட்டவணை வரை போக வேண்டும். ஆனால் டிரம் மெஷினோடு மேடை ஏறுபவருக்கு இந்த இரண்டாம் வகைதான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் துணிபு.

ஆணையிட மிடியில் வேறு வழிகளும் இருக்கின்றன. பேட்டர்ன் மாற்றுவதற்குப் புரோகிராம் சேஞ்ச் என்ற செய்தியைப் பயன்படுத்துவோர் பலர். அதில் இருப்பது ஒரே ஓர் எண். எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், எவ்வளவு அழுத்தம் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. நோட்டின் உடலமைப்பு வேறு. அது மூன்று பைட். முதல் பைட்டில் ‘நோட் ஆன்’ என்பதும் சேனலும் சேர்ந்தே இருக்கும்: முதல் சேனலுக்கு 144, பத்தாவதற்கு 153. இரண்டாவது பைட், 0 முதல் 127 வரை ஓர் எண். மூன்றாவது, வெலாசிட்டி. விரலை எடுத்ததும் முடிவைச் சொல்ல இன்னொரு செய்தி போகும். ஆக, நோட்டுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, நடுவில் நீளம் உண்டு, எடையும் உண்டு. பியானோ ரோலில் பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும். நகர்த்தலாம், நீட்டலாம், நாலு இடத்தில் நகல் வைக்கலாம். அமெரிக்காவில் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் இக்குதாரோ ககேஹாஷியும் முன்னின்று உழைத்து 1983-இல் மிடி நடைமுறைக்கு வந்தபோது, கீபோர்டில் ஓடும் விரலை மனத்தில் வைத்தே நோட் இப்படி அமைக்கப்பட்டது. விரலுக்குச் செய்த அந்த அமைப்பு ஆணைக்கும் அப்படியே பொருந்தியது இசைக்காரர்களுக்குக் கிடைத்த பேறு.

இந்த ஆணைகளை ஏற்று நடத்துவது ஸ்டெப் சீக்வென்சர்; அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1980-இல் ரோலண்டு நிறுவனம் கொண்டுவந்த டி.ஆர்.-808-இன் கீழ் வரிசையில் 16 பொத்தான்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு ஸ்டெப். நான்கு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு பிரிவு. நம் கணக்கில் சதுஸ்ர நடை. 808-இல் மிடி கிடையாது. 1983-இல் வந்த 909-இல் உண்டு. பின்னால் வந்த மென்பொருள்கள் அதே 16 கட்டங்களைத் திரையில் வரைந்துகொண்டன. கட்டத்தின் எண்ணிக்கையைக் குறைக்கவும் கூட்டவும் முடிந்தால் 12-இல் திஸ்ரம் வரும், 14-இல் மிஸ்ர சாபு வரும். டெம்போ 120 என்றால் ஒரு ஸ்டெப்புக்கு 125 மில்லி விநாடி. மிடி கிளாக் எண்ணிக்கைக்கு 24 துடிப்பு என்பதால், ஸ்டெப்புக்கு ஆறு துடிப்பு.

இனி இந்த இலக்கணத்தின் தலையாய விதி. ஒலி நோட் சரியாக வர வேண்டும். ஏவல் நோட் முந்தி வர வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். பாட்டின் எட்டு பார் வரை முதல் பேட்டர்ன், ஒன்பதாவது பாரிலிருந்து இரண்டாவது பேட்டர்ன் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர் ஒன்பதாவது பாரின் முதல் கோட்டின்மேல் ஏவல் நோட்டை அச்சுப்பிசகாமல் வைப்பார். இடம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து நிற்கின்றன: முதல் ஸ்டெப்பை வாசிப்பது ஒன்று, பேட்டர்னை மாற்றுவது இன்னொன்று. எதை முதலில் செய்வது என்பது அந்த மென்பொருளை எழுதியவர் எடுத்த முடிவைப் பொறுத்தது. வாசிப்பு முந்திக்கொண்டால் ஒன்பதாவது பாரின் முதல் அடி பழைய பேட்டர்னுடையதாகிவிடும். இரண்டாவது ஸ்டெப்பிலிருந்துதான் புதியது கேட்கும். பழையதில் முதல் ஸ்டெப் கிக், புதியதில் அந்த இடம் காலி என்றால், அமைதியாகத் தொடங்க வேண்டிய சரணம் ‘தொம்’ என்று தொடங்கும்.

முந்த வேண்டும் என்றால் எவ்வளவு முந்துவது? ஆணை எப்போது நிறைவேறும் என்பதைப் பொறுத்து அது மாறும். சில மென்பொருள்கள் ஆணையை வாங்கி வைத்துக்கொண்டு பேட்டர்ன் முடிந்தபின் மாறும். அவற்றில் எட்டாவது பாருக்குள் எங்கே வைத்தாலும் சரி; நான் நான்காவது எண்ணிக்கையில் வைப்பதையே சொல்வேன், பியானோ ரோலைப் பார்க்கிறவருக்கு எந்த மாற்றத்துக்கான ஆணை என்று உடனே புரியும். சில மென்பொருள்கள் அடுத்த ஸ்டெப்பில் மாறும். அவற்றுக்குக் கடைசி ஸ்டெப் ஒலித்தபின், அதாவது டெம்போ 120 என்றால் கோட்டுக்கு முந்தைய 125 மில்லி விநாடிக்குள் ஆணை வந்து சேர வேண்டும். அதற்கும் முன்னால் வைத்தால் பழைய பேட்டர்னின் கடைசி அடி பறிபோகும். கையால் அழுத்தி வாசிக்கும்போது இது இன்னும் கண்டிப்பானது. கோட்டைத் தாண்டிப் பத்து மில்லி விநாடி கழித்து விரல் விழுந்தால், ஒரு ஸ்டெப் முழுவதும் போன பிறகே ஆணை நடக்கும்.

இந்த இடத்தில் குவான்டைஸ் என்ற வசதி பெரும் கேடு செய்யும். ஒலி நோட்டுக்கு அது துணை: தடுமாறிய அடியைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தும். ஏவல் நோட்டையும் அதே போல் இழுத்துக் கோட்டில் நிறுத்திவிட்டால், முந்தி வந்த ஆணை முந்தாத ஆணையாகி மேலே சொன்ன குழப்பம் திரும்பவும் வரும். ஆகவே ஏவல் நோட்டுகளைத் தனி டிராக்கில், தனி சேனலில் வைக்க வேண்டும். குவான்டைஸ் அந்த டிராக்கின் பக்கம் போகவே கூடாது.

பேட்டர்ன் நடுவில் மாறும் மென்பொருள்களில் இன்னொரு பிரிவு உண்டு. ஒன்பதாவது ஸ்டெப்பில் மாற்றினால் புதிய பேட்டர்னின் ஒன்பதாவது ஸ்டெப்பிலிருந்து தொடர்வது ஒரு வகை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்ட இடத்தில் கடம் எடுப்பது போலத் தாளம் கலையாது. முதல் ஸ்டெப்பிலிருந்து மறுபடி தொடங்குவது இன்னொரு வகை. பாட்டுக்கு நடுவே முதல் வகையைத்தான் நம்பலாம். ஆனால் இரண்டாவதற்கும் ஓர் அழகு உண்டு: ஒரே ஏவல் நோட்டை இரண்டு ஸ்டெப்புக்கு ஒரு முறை அழுத்தினால், பேட்டர்னின் முதல் இரண்டு அடிகளே திரும்பத் திரும்ப வந்து, யாரும் எழுதி வைக்காத ஓர் உருட்டல் பிறக்கும்.

ஏவல் நோட்டை நன்றாக வகுத்த மென்பொருளுக்கு எடுத்துக்காட்டு கேட்டால், ஸ்வீடனின் புரொப்பெல்லர்ஹெட் 2000-இல் வெளியிட்ட ரீசனுக்குள் இருக்கும் ரீடிரம்மைச் சொல்வேன். அதில் பத்து டிரம் சேனல்கள். சி1 முதல் ஏ1 வரை கறுப்புக் கட்டைகளையும் சேர்த்துப் பத்து கட்டைகள். அவை ஒலி நோட். சி2 முதல் இ3 வரை வெள்ளைக் கட்டைகள் மட்டும் பத்து. எதை அழுத்துகிறோமோ அந்தச் சேனல் வாய் மூடும், விரலை எடுத்ததும் பேசும். சி4 முதல் இ5 வரை இன்னும் பத்து வெள்ளைக் கட்டைகள். அழுத்திய சேனல் மட்டும் தனித்து ஒலிக்கும். சீக்வென்சர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, சி2-ஐ இரண்டு பார் அழுத்திப் பிடித்துக் கிக்கை எடுத்துவிட்டு, பல்லவி திரும்பும் இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள். பேட்டர்ன் மாற்றுவதைவிட இது எவ்வளவு இசைத்தன்மை உடையது என்பது காதுக்கே தெரியும். நோட்டின் நீளமே ஆணையின் நீளமாகிறது. புரோகிராம் சேஞ்சால் இது ஆகாது.

எண்ணாகச் சொன்னால் இந்தக் கட்டைகள் 36–45, 48–64, 72–88. எண்ணையே பிடித்துக்கொள்வது நல்லது. 60 என்ற நோட்டை யமஹா வழக்கு சி3 என்கிறது, ரோலண்டு வழக்கு சி4 என்கிறது, எஃப்.எல். ஸ்டூடியோ சி5 என்கிறது. பொதுவான 61 கட்டை கீபோர்டின் எல்லை 36 முதல் 96 வரை என்பதால், ரீடிரம்மின் மூன்று வகைகளும் ஆக்டேவ் பொத்தானைத் தொடாமலே கைக்குள் வரும். 25 கட்டை கீபோர்டில் ஆக்டேவ் மாற்றினால் எல்லா எண்ணும் 12 நகர்ந்து, கிக் கட்டையாக இருந்தது வாய் மூடும் கட்டை ஆகிவிடும்.

எஞ்சியிருப்பது, கட்டங்களையே நோட்டால் எழுதுவது. 2009-இல் நோவேஷன் கொண்டுவந்த லாஞ்ச்பேடில் எட்டுக்கு எட்டாக 64 சதுரப் பொத்தான்கள். வரிசையின் எண்ணை 16-ஆல் பெருக்கி நிரலின் எண்ணைக் கூட்டினால் நோட் எண் கிடைக்கும். இரண்டையும் 0-விலிருந்து எண்ண வேண்டும். மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஆறாவது பொத்தான் என்றால் 37. அழுத்தினால் வெலாசிட்டி 127, விட்டால் 0. இரண்டு வரிசை எடுத்துக்கொண்டால் 16 ஸ்டெப். ஒரு முறை தொட்டால் அடி விழும், மறுமுறை தொட்டால் நீங்கும். மென்பொருள் அதே எண்ணில் நோட்டைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பொத்தான் எரியும். நிறத்தைத் தீர்மானிப்பது வெலாசிட்டி. ஓடும் ஸ்டெப்போடு விளக்கும் ஓட, இருட்டு மேடையிலும் தாளம் கண்ணுக்குத் தெரியும்.

விளக்குக்கு அனுப்பும் நோட் வேறு வழியாகச் சுற்றி மென்பொருளுக்கே திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பினால் அதுவும் விரல் தொட்டதாகவே கொள்ளப்படும். விளக்கு ஓட ஓட, கட்டங்கள் தாமாக எழுதிக்கொண்டும் அழிந்துகொண்டும் போகும். மிடி உள்ளீட்டையும் வெளியீட்டையும் பெயர் பார்த்துத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, உள்ளே வந்ததை அப்படியே வெளியே விடும் ‘துரூ’ என்ற வசதியை நிறுத்திவிட்டால் அந்தச் சுற்று அறும்.