லேப்டாப்புக்குள் ஒரு கிளாம்பாக்கம்

கேள்வி: அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விர்ச்சுவல் மெமரியைக் கூட்டினால் வேகம் வருமா?
– வாசகர், ஊரப்பாக்கம்

பதில்: வராது. நடுவில் மயங்கி விழாது, அவ்வளவுதான்.

ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் கொஞ்சத்தை ஹார்ட் டிஸ்கின் பேஜ் ஃபைலுக்கு அனுப்பும். கோயம்பேடு பஸ் நிலைய நெரிசலுக்குக் கிளாம்பாக்கம் வந்த கதைதான். இடம் தாராளம், உங்களுக்குப் பக்கம் வேறு. போய்வரும் பாட்டை மாதவரத்துக்காரரைக் கேளுங்கள்! ராமுக்கு நானோ நொடிகள் போதும், சுழலும் டிஸ்குக்கு மில்லி நொடிகள் வேண்டும். 1962-ல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் வந்த இந்த உத்தி தந்ததும் இடத்தைத்தான்.

2011-ல் தொடங்கிய அந்த அரசுத் திட்டத்தின் ஆரம்ப லேப்டாப்களில் ராம் 2 ஜிபிதான்; இன்றைய பிரவுசருக்கு அது காலை டிபன்.

பேஜ் ஃபைலை விண்டோஸ் பொறுப்பிலேயே விடுங்கள். பூஜ்யமாக்கினால் புரோகிராம்கள் பாதியில் படுத்துவிடும். கையில் காசிருந்தால் ரிச்சி தெருவுக்குப் போய் ராமும் எஸ்எஸ்டியும் வாங்குங்கள். உங்கள் மெஷினுக்கு டிடிஆர்3-ஆ என்று முதலில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.